மணலுக்கே முதலிடம்

திங்கள்

வீட்டில் ஒரு தட்டளவில் ஜென் தோட்டம் அமைக்க விரும்புபவர்கள் முதலில் கேட்பது, அதில் என்னென்ன வைக்கலாம் என்பதுதான். கடைகளும் குட்டி புத்தர், மரப்பாலம், கல்விளக்கு என்று நிரப்பித்தான் விற்கின்றன. என் எண்ணம் இதற்கு நேர்மாறானது. அந்தத் தட்டு மணலில் கோடு இழுப்பதற்கான இடம். மற்றவையெல்லாம் அதற்கு வழிவிட வேண்டும். ஜப்பானின் கியோட்டோவில் உள்ள ரியோவான்ஜி கோயிலின் தோட்டத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 250 சதுர மீட்டர் பரப்பில் 15 கற்கள்தான் இருக்கின்றன. அவையும் ஐந்து கூட்டங்களாக ஒதுங்கி நிற்கின்றன. திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். மீதி பெரும்பாலும் வெண்சரளை. அதே நகரின் டைசென்இன் கோயிலின் தெற்கு முற்றம் இன்னும் துணிச்சலானது. அங்கே கண்ணை இழுப்பவை கோடிட்ட சரளையும் அதிலேயே குவித்த இரண்டு கூம்புகளும்தான். வெற்றிடத்தைத் துணிந்து விட்டுவைப்பதே இந்தத் தோட்டங்களின் பலம்.

புதன்

அப்படியானால் மிகுந்த கவனம் மணலுக்குத்தான் போக வேண்டும். கியோட்டோ தோட்டங்களில் பரப்பப்படும் ஷிரகாவா மணல், சிதைந்த கருங்கல்லிலிருந்து வந்தது. அதன் மணிகள் உருண்டையாக இல்லாமல் கோணலாக இருப்பதால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. வாரி இழுத்த வரப்பு சரியாமல் நிற்கிறது. கடற்கரை மணல் இதற்கு உதவாது. அலையில் உருண்டு மழுங்கிய மணிகள் வழுக்கிச் சரியும்; உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். நம் ஊர்க் கட்டட வேலையில் புழங்கும் எம்-சாண்ட், கருங்கல்லை உடைத்துச் செய்தது என்பதால் குணத்தில் ஷிரகாவாவுக்கு நெருக்கமானது. நிறம் மட்டும் சாம்பல். தூசி போகக் கழுவி, நன்றாகக் காயவைத்து, சல்லடையில் சலித்து, இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினால் போதும். தூசி நீங்கிய மணல் மின்விசிறிக் காற்றிலும் எளிதில் பறக்காது. கற்கள் மூன்று போதும். ஒவ்வொன்றின் அடியையும் மணலுக்குள் புதைத்துவிட வேண்டும். மேலே சும்மா வைத்த கல், யாரோ மறந்துவிட்டுப் போனது போலத் தெரியும்.

வெள்ளி

இந்தத் தட்டு வெறும் மேசைப் பொம்மை, தோட்டமே அல்ல என்று ஒரு மறுப்பு உண்டு. ஆனால் சுருக்குவது இந்தக் கலைக்குள்ளேயே இருக்கும் வேலை. டைசென்இன்னின் வடகிழக்கு மூலையில் மலை, அருவி, ஆறு எல்லாம் ஒரு குறுகிய துண்டு நிலத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அடங்கியிருக்கின்றன. கறுப்பு அரக்குத் தட்டில் இறகாலும் சிறு கரண்டியாலும் வெண்மணலைப் பரப்பி நிலக்காட்சி அமைக்கும் போன்செகி என்ற கலையும் ஜப்பானில் நெடுங்காலமாக இருக்கிறது. எனவே அளவு ஒரு குறையே அல்ல. பார்த்துவிட்டுத் தூசி படிய விட்டுவிடுவதுதான் குறை.

ஞாயிறு

மணலில் கோடு இழுத்தால் மனம் அமைதியாகிவிடுமா என்ற சந்தேகம் நியாயமானது. மருந்துபோல வேலை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். நான் சொல்வது சிறிய விஷயம். பல் அகன்ற வாரியைத் தட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு இழுக்கும்போது கை தயங்கிய இடத்தில் கோடு நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதை மட்டும் தனியாகத் திருத்த முடியாது. முழுவதையும் சமன்செய்து முதலிலிருந்து இழுக்க வேண்டும். கவனம் எங்கே சிதறியது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேலைகள் குறைவு. ஜென் மடங்களில் பெருக்குவதும் முற்றத்தைப் பராமரிப்பதும் தியானத்துக்கு இணையான பயிற்சியாக மதிக்கப்படுவதற்கு எனக்குத் தெரியும் காரணம் இதுதான். ஆகவே தட்டை வாங்கும் முன், நாளில் எந்த நேரத்தை அதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். அந்த நேரம் கிடைக்காது என்றால், மூன்று கல்லும் ஒரு பிடி மணலும்கூட வீட்டில் இன்னொரு அலங்காரப் பொருளாகத்தான் முடியும்.