எந்தக் கடல்?

எம் ஊராகிய தங்கச்சிமடத்தில், "கடல் சீறுகிறது" என்று ஒருவர் கூறின், கேட்போர் உடனே "எந்தக் கடல்?" என வினவுவர். தீவின் வடபால் உள்ள பாக் விரிகுடா வடகடல். தென்பால் உள்ள மன்னார் வளைகுடா தென்கடல். வாடைக் காலத்தில் வடகடல் பொங்கும்பொழுது தென்கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். கச்சான் காலத்தில் இந்நிலை மாறும். ஒரு சொல் இரண்டு பொருளுக்கு உரியதாயின், அதன் இடத்தையும் உடன் கூறவேண்டும் என்பதை எம் தந்தையார் போன்ற மீனவர் நூல் கல்லாமலே அறிவர். யாமோ அதனைச் சென்ற கோடை விடுமுறையில் ஒரு பிழையின் வாயிலாகவே கற்றோம்.

கணிப்பொறியியல் பயிலும் எம் நண்பர் ஒருவர், புயல் எச்சரிக்கையை இணையச் சேவை வழியே அனுப்பும் பயிற்சி ஒன்றை மேற்கொண்டு, அதற்குரிய தமிழ் வாசகத்தை எழுதித் தருமாறு எம்மை வேண்டினார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்ததையும், புகைவண்டி ஒன்று பயணிகளோடு கடலுள் மறைந்ததையும் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்த யாம் உடனே இசைந்தோம்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயற்கூண்டு காண்போர்க்கே பயன்படும். காணாதார்க்கும் எட்டுமாறு இக்காலத்தில் எழுத்தாலும் எச்சரிக்கை செல்கிறது. 'கேப்' எனப்படும் பொது எச்சரிக்கை முறையின் 1.2ஆம் பதிப்பை ஓயாசிஸ் என்னும் அமைப்பு 2010இல் ஏற்றது. நம் நாட்டின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' அமைப்பும் இம்முறையையே தழுவியது. இச்செய்தி எக்ஸ்எம்எல் நடையில் எழுதப்படுவது. 'அலர்ட்' என்னும் உறையுள் 'இன்ஃபோ' என்னும் விவரமும், அதனுள் 'ஏரியா' என்னும் இடக்குறிப்பும் அமையும்.

ஆனால் 'ஏரியா' என்பது இங்கே எச்சரிக்கைக்குரிய இடம். நில அளவைப் பட்டியலில் அதுவே பரப்பளவு. இம்மயக்கத்தை நீக்கவே 1999இல் 'பெயர்வெளி' என்னும் விதி வகுக்கப்பட்டது. தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. புறநானூற்றில் தாமோதரனார் இருவர் உளர்; ஒருவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார், மற்றவர் வடமவண்ணக்கன் தாமோதரனார். அடைமொழியை நீக்கின் இருவரும் ஒருவராய் மயங்குவர். திருத்தூதர் பன்னிருவருள்ளும் சீமோன் இருவர் அல்லரோ!

நண்பர் நிரலை இயக்கினார். செய்தி சென்றது, பெறும் நிரலில் உறை மட்டும் தோன்றியது. யாம் எழுதிய "கடலுக்குச் செல்லற்க" என்னும் வாசகத்தைக் காணோம். 'இன்ஃபோ' இல்லாத செய்தியும் முறைப்படி செல்லுமாதலின், பெறும் நிரல் குற்றம் ஒன்றும் கூறவில்லை. இரண்டு நாள் எழுத்தெண்ணிப் படித்தோம். முடிவில், 'இன்ஃபோ'வின் அருகே 'எக்ஸ்எம்எல்என்எஸ்' என்னும் குறியும், அதன்பின் வெறுமையான மேற்கோட் குறிகளும் நிற்கக் கண்டோம். 'இஃது எப்பெயர்வெளிக்கும் உரியதன்று' என்பது அதன் பொருள். நண்பர் உறையைக் கேப் பெயர்வெளியில் படைத்து, உள்ளுறுப்புக்களை வெறும் பெயரால் படைத்திருந்தார். தாய்க்கு ஊர் உண்டு, சேய்க்கு இல்லை. உறுப்பெல்லாவற்றையும் வரியாக்கி எழுதும் நிரற்பகுதி அவ்வேறுபாட்டை உள்ளவாறே பதிந்திருந்தது.

அவ்வெற்றுக் குறியை எழுதிய பின் அழித்துவிடலாம் என்றார் நண்பர். யாம் உடன்படவில்லை. ஏடெழுதினோன் பிழை செய்திலன், மூலத்திலன்றோ பிழை! ஒவ்வோர் உறுப்பையும் பெயர்வெளியோடு படைத்ததும் செய்தி முழுதும் சேர்ந்தது. பின்னர் மற்றொன்றும் அறிந்தோம். பெயர்வெளிக்கு இடும் முன்னொட்டு வெறும் சுருக்கமே. அனுப்புவோர் அதனை மாற்றலாம். ஆதலின் பெறுவோர் முன்னொட்டை நோக்காது, அது குறிக்கும் முழுப்பெயரையே ஒப்பிடவேண்டும். அம்முழுப்பெயரில் 1.2 என்பது 1.1 ஆயினும் அது வேறு பெயர்வெளியே.

அன்று மாலை, 'பயிற்சி' எனக் குறித்த அச்செய்தியைத் தந்தையார்க்குப் பெருமிதத்தோடு படித்துக் காட்டினோம். வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவர் தலை நிமிராமலே, "எந்தக் கடல், தம்பி?" என்றார். எம் வாசகத்தில் அதனை யாம் எழுதவில்லை. நாணத்தோடு எழுதுகோலை எடுத்து, முதலில் 'வடகடல்' என்று எழுதினோம்.