பழைய மணியும் புதிய மணியும்

காலத்தை அளக்க மனிதன் கண்ட கருவிகள் பல. நிழலை அளந்தான், நாழிகை வட்டிலில் நீர் ஒழுகுவதைக் கணக்கிட்டான், பின்னர்க் கடிகாரத்தைச் சுவரில் மாட்டினான், இன்று அதனைக் கைப்பேசிக்குள் அடக்கிவிட்டான். இக்கருவிகளுள் ஒன்றையும் அறியாமலே காலத்தை அறிந்த உயிர் ஒன்று உண்டு. அது தொட்டிலில் கிடக்கும் குழந்தை. பசிக்கும் வேளையை அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உறங்கும் வேளையையும் எந்த அரசும் ஆணையிட்டு மாற்றிவிட இயலாது. ஆயினும் மேலை நாடுகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் வாயிலுக்கு ஆண்டுதோறும் இருமுறை அத்தகைய ஆணை வந்து சேர்கிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுக என்று இளவேனிலில் ஓர் ஆணை. பின்னே தள்ளுக என்று இலையுதிர் காலத்தில் மற்றோர் ஆணை. பெரியவர்கள் நாம் கீழ்ப்படிகிறோம். குழந்தைகள் கீழ்ப்படிவதில்லை.

நான் பிறந்த ஊர் கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே உள்ள சிற்றூர். இப்போது வாழ்வது இலண்டனில். கடிகாரத்தை மாற்றும் வழக்கமே இல்லாத எல்லைப்புறச் சிற்றூருக்கும் இந்த மணி மாற்றத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

மணியை மாற்றும் எண்ணத்தை 1895-இல் முதலில் முன்வைத்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹட்சன். பூச்சிகளை ஆராய்வதில் ஈடுபாடு கொண்ட அவர், பணி முடிந்தபின் மாலையில் இன்னும் சற்று வெளிச்சம் இருந்தால் நலம் என்று விரும்பினார். இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்னும் கட்டடத் தொழில் வல்லுநர் 1907-இல் இதே கருத்தை வலியுறுத்தி எழுதினார். முதல் உலகப் போரின்போது, 1916-இல், முதலில் ஜெர்மனியும் சில வாரங்களில் பிரிட்டனும் இதனை நடைமுறைப்படுத்தின. எரிபொருளைச் சேமிப்பதே நோக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை அவ்வாறே ஓடியது. பின்னர் நம் நாடு அந்த வழக்கத்தை ஏற்கவில்லை.

தமிழர் வாழும் பிற நிலங்களும் இந்த அனுபவத்திற்குப் புதியன அல்ல. 1982 சனவரி முதல் நாளில் சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் அரை மணி நேரம் முன்னே சென்றன. இலங்கையில் 1996 மே மாதம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் அரை மணி நேரத்தைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில் பழைய நேரத்திற்கே மீண்டார்கள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் புதிய நேரம் பின்பற்றப்படவில்லை. எனவே ஒரே தீவில், ஒரே கதிரவனின் கீழ், இரு வேறு மணிகள் ஓடின. மணி என்பது அரசின் சொல்; பொழுது என்பது இயற்கையின் சொல். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

எங்கள் ஊரிலும் அவை ஒன்றாக இல்லை என்பதை நான் பின்னாளில்தான் அறிந்தேன். இந்தியாவின் பொது நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. பாறசாலையோ 77 பாகையைச் சிறிதே கடந்து நிற்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், எங்கள் ஊர்க் கதிரவன் கடிகாரத்திற்குச் சராசரியாக 21 நிமிடம் பின்தங்கி உச்சிக்கு வருகிறான். பழந்தமிழர் கணக்கில் ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஆக, எங்கள் குழந்தைகள் யாவரும் அரசின் மணிக்கு ஏறத்தாழ ஒரு நாழிகை பிந்தியே பிறந்து, பிந்தியே வளர்ந்தார்கள். அதனால் யாருக்கும் துன்பம் இல்லை. அந்த ஒரு நாழிகை என்றும் மாறாமல் இருந்ததே காரணம். குழந்தையின் உடல் எந்த நேரத்திற்கும் பழகிக்கொள்ளும். திடீரென்று மாறும் நேரத்திற்குத்தான் அது திகைக்கிறது.

நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். இலண்டனில் அவ்வேறுபாடு 8 மணி நேரத்திற்கும் மேல். சூன் மாதத்தில் இரவு 9 மணிக்கும் வெயில் தெரியும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருள் கவியும். விளக்கேற்றும் வேளை என்று ஒன்று எங்கள் ஊரில் உண்டு. அந்த வேளையில் முற்றத்து விளையாட்டு நிற்கும். கால் கழுவிக்கொண்டு பிள்ளைகள் உள்ளே வருவார்கள். கஞ்சி குடித்துவிட்டுப் பாயில் சாய்வார்கள். அங்கே உறக்கத்தை அழைத்துவரக் கதிரவனே போதும். இங்கே அந்தப் பணியைப் பெற்றோர் மேற்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி என் தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. மார்ஷல் நேசமணி முதலியோர் நடத்திய போராட்டத்தின் பயனாகத் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அப்போது என் தாய்க்கு வயது ஐந்து. அவர் படித்தது மலையாளப் பள்ளியில், எழுதுவது மலையாளத்தில். ஆனால் எங்களைத் தாலாட்டியது தமிழில். தமிழை அவர் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. தம் தாயின் மடியில் கேட்ட தாலாட்டும் ஒப்பாரியும் பழமொழியுமே அவருடைய தமிழ்க் கல்வி.

எங்கள் எல்லைப்புறத்தில் இரு மொழிகளும் ஒரே முற்றத்தில் வாழ்பவை. தூக்கம் என்பதைவிட உறக்கம் என்ற சொல்லே எங்கள் நாவில் மிகுதி. மலையாளமும் அச்சொல்லையே வழங்குகிறது. நாம் தாலாட்டு என்பதை அவர்கள் தாராட்டு என்பார்கள். தால் என்பது நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவது தாலாட்டு என்று பொருள் கூறுவர். பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டினார். பிள்ளைத்தமிழ் இலக்கணம் தாலப் பருவம் என்று ஒரு பருவத்தையே வகுத்தது. 1813-இல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி இயற்றிய தாலாட்டு இன்றும் கேரளத்து இல்லங்களில் ஒலிக்கிறது. அந்தத் தாலாட்டைக் கேட்டு வளர்ந்த அரசர்தாம் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகத்தை நிறுவினார் என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு உண்டாகும். தாலாட்டும் கால ஆராய்ச்சியும் ஒரே வாழ்வில் இடம்பெற்றன.

என் மூத்த மகள் பிறந்த நாள்தொட்டு என் தாய் ஊரிலிருந்தே கைப்பேசி வழியாக அவளைத் தாலாட்டி வந்தார். மகள் உறங்கும் நேரம் இங்கே மாலை 7 மணி. கோடையில் இந்தியாவிற்கும் இலண்டனுக்கும் இடைவெளி 4½ மணி நேரம். ஆகவே ஊரில் அப்போது இரவு 11½ மணி. வீட்டார் அனைவரும் உறங்கியபின், தாம் மட்டும் திண்ணையில் அமர்ந்து, அண்டை வீட்டார் விழிக்காதபடி மெல்லிய குரலில் அவர் பாடுவார். இரண்டு பாட்டு முடிவதற்குள் மகள் கண் அயர்வாள். மகளுக்குப் பின் மகன் பிறந்தான். அவனுக்கும் அதே திண்ணைத் தாலாட்டுத்தான்.

அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே சென்றது. இடைவெளி 5½ மணி நேரம் ஆயிற்று. இலண்டனின் 7 மணி, பாறசாலையில் நள்ளிரவு கடந்து 12½ மணி. ஊரில் ஒரு கடிகாரமும் அசையவில்லை; ஆயினும் என் தாயின் உறக்கத்தில் ஒரு மணி நேரம் பறிபோயிற்று. மணி மாற்றம் எல்லை கடந்து எங்கள் ஊருக்கு வந்த விதம் இதுதான்.

எழுபது வயதைக் கடந்தவர், இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்பவர், நள்ளிரவு கடந்தும் விழித்திருப்பது தகுமா? என் மனைவி மிகவும் வருந்தினாள். "அத்தையின் பாட்டைப் பதிவு செய்து வைத்துக்கொள்வோம், இரவில் அதைப் போட்டால் போதும்" என்றாள். நான் அதைத் தாயிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பதிந்து வைத்த பாட்டுக்குப் பிள்ளை அழுவது கேட்குமா, மக்களே?" என்றார். எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளை ஒருவனையும் அன்பு மிகுதியால் 'மக்களே' என்றே அழைப்பார்கள். சற்றுப் பொறுத்து மற்றொன்றும் சொன்னார். "நான் பாடுவதை நிறுத்திவிட்டால் அதுகளுக்குத் தமிழ் எங்கிருந்து வரும்? எனக்கும் அப்படித்தானே வந்தது?" அதற்கு விடை கூற எங்களால் இயலவில்லை. உறக்கத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு, அதனினும் ஆழமான ஓரிடத்தில் வந்து நின்றது.

இதனிடையே குழந்தைகளின் உறக்கமும் குலைந்தது. பழைய மணிக்கு 6-க்கு எழும் மகன், புதிய மணிக்கு 5-க்கு எழுந்து அமர்ந்தான். மாலையில் 6 மணிக்கே கண்ணைக் கசக்கி அழுதான். அவன் செய்தது குறும்பு அன்று. நம் மூளையினுள் ஒரு சிறு கடிகாரம் உண்டு என்றும், கண் வழியே புகும் ஒளியே அதற்கு நாள்தோறும் சாவி கொடுக்கிறது என்றும் அறிவியலார் கூறுகின்றனர். அக்கடிகாரம் உயிரணுக்களில் இயங்கும் முறையைப் பழ ஈக்களில் ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிறந்த குழந்தைக்கு அந்த ஒழுங்கு அமையச் சில மாதங்கள் ஆகும். அமைந்தபின், அதனை ஒரே இரவில் 60 நிமிடம் நகர்த்துவது அரிது. நாளுக்குச் சிறிதாக நகர்த்துவது எளிது.

ஆகவே இப்போது எங்கள் இல்லத்தில் கைக்கொள்ளும் முறை இது. அக்டோபர் மாற்றத்திற்கு முந்தைய திங்கட்கிழமை முதல் நாளுக்கு 10 நிமிடம் வீதம் உறங்கும் நேரத்தைத் தள்ளுகிறோம். திங்களன்று 7.10, செவ்வாயன்று 7.20 என்று சென்றால் சனிக்கிழமை 8 மணி ஆகும். ஞாயிறன்று அதுவே புதிய கணக்கில் 7 மணி. மார்ச்சு மாதக் கடைசி வாரத்தில் இதையே தலைகீழாகச் செய்து, சனியன்று 6 மணிக்கு உறங்க வைக்கிறோம். உணவும் குளியலும் பகல் உறக்கமும் உடன் நகர வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் வாழ்வோர் மார்ச்சு இரண்டாம் ஞாயிற்றையும் நவம்பர் முதல் ஞாயிற்றையும் கணக்கிற் கொள்க.

ஒளியையும் துணைக்கு அழைக்க வேண்டும். மார்ச்சில் காலையில் எழுந்தவுடன் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்கிறோம். மாலையில் வெயில் மறையாதிருக்கும்போதே கனத்த திரையை இழுத்து விடுகிறோம். அக்டோபரில் மாலை ஒளியில் சற்று விளையாட விட்டு, விடியற்காலையில் அறையை இருளாக வைக்கிறோம். குளியல், பால், விளக்கணைப்பு, தாலாட்டு என்ற வரிசை மட்டும் எந்நாளும் மாறுவதில்லை. மணியை அறியாத குழந்தை வரிசையை அறியும். உறங்க வைக்கும் மருந்து எதனையும் மருத்துவர் சொல்லாமல் கொடுத்தல் ஆகாது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்குப் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்த அளவு. சில வாரங்கள் கடந்தும் உறக்கம் சீராகவில்லையெனில் மருத்துவரிடம் காட்டுவதே நன்று. என் தாயின் அறிவுரை இவை அனைத்தினும் சுருக்கமானது: "நீ மணியைப் பார்க்காதே, பிள்ளையின் கண்ணைப் பார்."

எஞ்சி நின்றது தாலாட்டு. அதற்கும் வழி பிறந்தது. மகன் பகலில் உறங்குவது 1 மணிக்கு. குளிர்காலத்தில் அது ஊரில் மாலை 6½ மணி. விளக்கேற்றிய பின் என் தாய் ஓய்வாக இருக்கும் வேளை. ஆகவே குளிர்காலம் முழுவதும் பாட்டு பகலுக்கு மாறியது. வார இறுதியில் வீட்டில் இருக்கும் மகளும் அருகில் அமர்ந்து கேட்டாள். இரவுக்குத்தான் பாட்டு இல்லையே என்று நாங்கள் எண்ணியிருந்தபோது, ஒருநாள் மகள் தம்பியின் கட்டிலருகே நின்று தானே பாடத் தொடங்கினாள். 'ழ' அவள் நாவில் சரியாக வரவில்லை. இரண்டு அடிகள் இடம் மாறின. தம்பி உறங்கிவிட்டான்.

மறுநாள் அதை என் தாயிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் பாட்டியை ஆச்சி என்று அழைப்பது வழக்கம். "ஆச்சி, நான் பாடினேன்" என்று மகள் கூவினாள். "பாடு பார்ப்போம்" என்றார் அவர். அவள் பாடினாள். இடம் மாறிய அடிகளை அவர் திருத்தவில்லை, முழுவதும் கேட்டார். "இனி இரவில் நான் நேரத்தோடு உறங்கலாம்" என்று மட்டும் சொன்னார். கோடை வந்ததும் திண்ணைத் தாலாட்டை மீண்டும் தொடங்கிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மணி மாற்றத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இல் வாக்களித்தது. உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு ஏற்படாமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. வரும் வரையில் நம் இல்லங்களில் ஆண்டுக்கு இருமுறை இந்தக் குழப்பம் தொடரத்தான் செய்யும். இம்மலரைப் படிக்கும் பெற்றோர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. மணியை மாற்றுவதற்கு முந்தைய வாரம் நாளுக்குப் பத்து நிமிடமாகக் குழந்தைகளை நகர்த்துங்கள். அந்தப் பத்து நிமிடத்தை ஒரு தமிழ்ப் பாட்டுக்குக் கொடுங்கள். ஊரில் பாடத் தெரிந்த ஆச்சியோ பாட்டனோ இருந்தால், அவர்களுக்கு அப்போது மணி என்ன என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு அழையுங்கள்.