நடுவர் உயர்த்திய விரல்

வீரபாண்டியில் ஞாயிற்றுக்கிழமை என்பது பனியன் கம்பெனிகள் ஓய்ந்து கிடக்கும் நாள். ஆறு நாளும் ஓவர்லாக் இயந்திரத்தின் முன்னும் கட்டிங் மேசையின் முன்னும் குனிந்திருந்த இளைஞர்கள், அன்று மட்டைகளைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்குப் புறப்பட்டுவிடுவர். அங்கே நம்மை நடுவராக நிறுத்துவது அவர்களுடைய வழக்கம். நமக்கு ஆட்டம் தெரியும் என்பதனாலன்று. நரைத்த தலையை எதிர்த்துப் பேச எவரும் கூசுவர் என்பதனால்!

2025 மே மாதத்து ஞாயிறு ஒன்றில் கடைசி ஓவர் நடந்துகொண்டிருந்தது. வெற்றிக்கு இன்னும் ஐந்து ஓட்டங்கள். மட்டை பிடித்தவன் சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒரு பையன். விடுமுறை நாளிலும் அவன் நகக்கண்களில் நீலம் போகாது. பந்து அவனைக் கடந்து விக்கெட் காப்பாளரின் கையில் சேர்ந்தது. 'டொக்' என்றோர் ஒலி நம் செவியில் விழுந்தது. எதிரணியினர் பதினொருவரும் கூவினர். நாம் விரலை உயர்த்திவிட்டோம்.

"பேட்டுல படலீங்கய்யா" என்றான், ஒரே ஒருமுறை. பிறகு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். அவன் அணி தோற்றது.

மாலையில் ஒருவர் தம் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினார். பந்துக்கும் மட்டைக்கும் இடையே ஒரு சாண் வெளிச்சம். நாம் கேட்டது மட்டை தரையைத் தட்டிய ஒலி! நான்கு முறை ஓட்டிப் பார்த்தோம். அத்தனை உறுதியாக விரலை உயர்த்தும் அந்த மனிதரை நான்கு முறையும் நமக்குப் பிடிக்கவில்லை.

பெரிய ஆட்டங்களில் இத்தகைய பிழையைத் திருத்த இன்று இயந்திரம் இருக்கின்றது. 1992 நவம்பரில் டர்பன் நகரில், தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்து மூன்றாம் நடுவர் முதன்முதலாக ஒருவரை ரன் அவுட் என்றார். அவ்வாறு வெளியேறியவர் சச்சின் டெண்டுல்கர். பின்னர் 2008 இல் இலங்கையில், களநடுவரின் தீர்ப்பை எதிர்த்து ஆட்டக்காரரே முறையிடும் ஏற்பாடு சோதித்துப் பார்க்கப்பட்டது. இப்போது ஒலியைக் கோடாக வரைந்து, அதே கணத்துப் படத்தோடு பொருத்திக் காட்டுகின்றனர். நம்மை ஏமாற்றிய தரைத்தட்டலை அக்கருவி நொடியில் பிரித்திருக்கும். நம் சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவன் 1993 முதல் 2004 வரை 73 டெஸ்ட் ஆட்டங்களில் நடுவராக நின்றார். மட்டையில் பந்து உரசியதா என்பதை அவர் தம் கண்ணையும் காதையும் நம்பியே சொல்ல வேண்டியிருந்தது.

மனிதப் பிழையும் ஆட்டத்தின் அழகே என்று சொல்வோர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவர்களே. தவறாக அவுட் கொடுக்கப்பட்டவர்கள் அல்லர். நம்மைக் கேட்டால், இயந்திரம் வரட்டும் என்றே சொல்வோம்.

ஆயினும் அதன் நீதிக்கும் அளவுண்டு. அதே 2025 ஜூன் 8 அன்று கோவையில், நம் திருப்பூர் தமிழன்ஸ் அணியை எதிர்த்துத் திண்டுக்கல் அணிக்காக அஸ்வின் ஆடினார். சாய் கிஷோரின் பந்தில் அவரை எல்பிடபிள்யூ என்றார் நடுவர். பந்து கால்புறக் குச்சிக்கு வெளியே குத்தியதைத் தொலைக்காட்சி காட்டிற்று. ஆனால் அவருடைய அணிக்குரிய முறையீடுகள் அதற்குள் தீர்ந்துபோயிருந்தன. உண்மை திரையில் இருந்தும் கேட்பதற்கு வழியில்லை! மட்டையால் தம் காலுறையில் ஓங்கி அடித்தபடி வெளியேறினார்; அதற்கு அபராதமும் கட்டினார். அச்செய்தியைப் படித்தபோது, ஒரே வாக்கியத்தோடு நடந்துபோன நம் சாயப்பட்டறைப் பையன் நினைவுக்கு வந்தான்.

எல்லைக்கோட்டு விவகாரங்களில் இயந்திரமும் மனிதனிடமே திரும்புகின்றது. பந்தின் பாதிக்கும் குறைவான பகுதிதான் குச்சியில் படும் என்று கணினி காட்டினால், களநடுவர் முன்பு சொன்னதே நிலைக்கும். இது நம்மூர்க்காரர்களுக்குப் புதிதன்று. சாயப்பட்டறைக் கணினி இரு துணிகளின் நிற வேறுபாட்டை எண்ணாகச் சொல்லும். ஐயம் வந்தால், மாஸ்டர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து 'ஆகும்', 'ஆகாது' என்பார். கோட்டு நடுவர்களை நீக்கிவிட்டு 2025 இல் முழுவதும் மின்னணுக் கருவிகளை அமர்த்திய விம்பிள்டனில், ஓர் ஆட்டத்தின் நடுவே கருவியின் ஒரு பகுதியை யாரோ தவறுதலாக நிறுத்திவிட்டனர். வெளியே விழுந்த பந்தைக் குறித்து இயந்திரம் வாய் திறக்கவில்லை. அந்தப் புள்ளியை மீண்டும் ஆட நேர்ந்தது.

நம் மனத்தை உறுத்தியது வேறொரு பழைய ஆட்டம். 1980 பிப்ரவரியில் பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும் பொன்விழா டெஸ்ட் ஆடின. இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்திருந்தது. பாப் டெய்லர் விக்கெட் காப்பாளரிடம் பிடி கொடுத்ததாக நடுவர் விரலை உயர்த்தினார். நாம் செய்த அதே பிழை. ஸ்லிப்பில் நின்ற இந்தியத் தலைவர் குண்டப்பா விஸ்வநாத், மட்டையில் படவில்லை என்று நடுவரிடம் சொல்லி டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தனர். இந்தியா பத்து விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. தம் அணிக்கு நட்டம் என்று தெரிந்தே அவர் வாய் திறந்தார். நாமோ, படத்தைப் பார்த்த பின்னும் மூன்று ஞாயிறு சும்மா இருந்தோம். அந்த மூன்று ஞாயிறும் பையன் பொட்டலுக்கு வரவில்லை.

நான்காம் வாரம், இல்லத்தார் உந்தியதன்பேரில், அவன் குடியிருக்கும் லைன் வீட்டைத் தேடிப் போனோம். அவன் தாயார் தேநீர் வைத்துக் கொடுத்தார். ஆறும் வரை தம்ளரைக் கையில் வைத்திருந்துவிட்டு, "அன்றைக்கு நாங்கள் கொடுத்தது தவறு தம்பி. மன்னித்துக்கொள்" என்றோம்.

அவன் தலையைச் சொறிந்தான். "அந்த வீடியோவை நான் அன்னைக்கு ராத்திரியே பார்த்துட்டேனுங்கய்யா. நான் வந்து நின்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் வரலீங்க" என்றான்.