சார்புகளும் எங்கள் புத்தக வங்கியும்

பத்தாம் வகுப்புக் கணித நூலின் முதல் பாடம் ‘உறவுகளும் சார்புகளும்’. ஆசிரியை கரும்பலகையில் இரண்டு முட்டைகளை வரைந்து, மதிப்பகம், துணை மதிப்பகம் என்று பெயரிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அம்புகளைப் பாய்ச்சினார். அந்த அம்புகள் எங்கள் பள்ளி நூலகம் வரை பாயும் என்று நாங்கள் நால்வரும் கனவிலும் கருதவில்லை.

லஸ்ஸிலிருந்து ஒருத்தி, மந்தைவெளியிலிருந்து ஒருத்தி, அடையாற்றிலிருந்து இருவர். கணினி மன்றத்தில் எங்களுக்குக் கிடைத்த பணி, புத்தக வங்கிக்கு ஓர் இணையச் செயலி அமைப்பது. புத்தக வங்கியை அறியாத பெற்றோருக்காக ஒரு சொல்: மேல் வகுப்புக்குச் செல்வோர் தம் பாடநூல், அகராதி, நிலப்படநூல் முதலியவற்றை நூலகச் சிஸ்டரிடம் ஒப்படைப்பார்கள், தேவைப்படுவோர் ஓராண்டுக்குப் பெற்றுச் செல்வார்கள். கணக்கெல்லாம் ஒரு நீண்ட நோட்டில் இருந்தது. அடித்தும் திருத்தியும் எழுதியதில், ஒரே அகராதி இருவர் பெயரில் நின்றதும் உண்டு. நோட்டைப் புரட்டினால் யார் யார் வாங்கினார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

எங்களுக்கு வழிகாட்டியவர் தோழி ஒருத்தியின் அக்கா. பொறியியல் கல்லூரி மாணவி. “எல்லாரும் எழுதுவது போலவே ஏன் எழுதணும்? சார்பு முறையில் எழுதிப் பாருங்களேன், கணக்குப் பாடத்துக்கும் உதவும்” என்றார். எங்கள் அம்மாமார்களுக்கு அந்தப் பின்பாதி மிகவும் பிடித்துவிட்டது. சனிக்கிழமைதோறும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கூட அனுமதி கிடைத்தது.

நிரல் என்றால் பெரும்பாலும் கட்டளைகளின் வரிசை: இதை மாற்று, அதை அழி. சார்பு முறையில் அப்படியில்லை. ஒன்றை உள்ளே கொடுத்தால் வேறொன்று வெளியே வரும். உள்ளே கொடுத்தது மாறாமல் இருக்கும். அதே உள்ளீட்டுக்கு என்றும் அதே விடை. ஒரு சார்பின் விடையை அடுத்த சார்புக்குக் கொடுத்துக் கோத்துக்கொண்டே போகலாம். நாம் தேர்வுக்குப் படிக்கும் சார்புகளின் சேர்ப்பு இதுவேதான். 1930-களில் அலோன்சோ சர்ச் என்னும் அமெரிக்கர் இதற்கு அடித்தளமிட்டார். 1990-இல் வெளிவந்த ‘ஹாஸ்கெல்’ என்ற நிரல்மொழி, ஹாஸ்கெல் கரி என்னும் கணித அறிஞரின் பெயரைத் தாங்கியது. (நாங்களும் முதலில் சாப்பாட்டுக் கறியைத்தான் நினைத்தோம்.)

இதற்காக நாம் அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். தி. நகர் ஜி. என். செட்டி சாலையில், 1989-இல் பேராசிரியர் சி. எஸ். சேஷாத்ரி ஒரு கணித நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே சென்னைக் கணிதவியல் நிறுவனமாக வளர்ந்து, 2005-இல் சிறுசேரிக்குச் சென்றது. அங்கே பட்டப்படிப்பு மாணவருக்கு ஹாஸ்கெல் கற்பிக்கிறார்கள். அந்நிறுவனத்துப் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், எஸ். பி. சுரேஷ் இருவரும் நடத்திய ஹாஸ்கெல் வகுப்புகளை என்.பி.டி.இ.எல். இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நாங்கள் முதல் சில வகுப்புகளைப் பார்த்தோம், பாதி புரிந்தது.

செயலிக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ‘எல்ம்’. ஹார்வர்டில் படித்த எவான் சாப்ளிக்கி 2012-இல் தம் ஆய்வேட்டுக்காக உருவாக்கியது. (அவர் பெயரை ‘எவன்’ என்று எழுதினால் மரியாதையாக இராது என்று நெடிலாக்கியிருக்கிறோம்.) எல்மில் ஒரு செயலிக்கு மூன்று பகுதிகள்: இப்போதைய நிலை, ஒரு செய்தி வந்தால் புதிய நிலையைத் தரும் சார்பு, அந்த நிலையைத் திரையில் வரையும் சார்பு. எண் கேட்கும் இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. தன்னையே ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு, எந்த வரியில் என்ன எதிர்பார்த்தது, என்ன கிடைத்தது என்று பொறுமையாக விளக்கும். எல்ம் தெரிந்தால் வேலை கிடைப்பது அரிது என்று ஒருத்தியின் அப்பா சொன்னார். இருக்கலாம். ஆனால் 2015-இல் வந்து பலரும் கையாண்ட ‘ரிடக்ஸ்’ என்ற கருவி இந்த முறையை எல்மிடமிருந்துதான் கடன் வாங்கியது.

ஒரு நூலுக்கு இரண்டே நிலைகள் வைத்தோம்: அலமாரியில், அல்லது ஒருத்தியிடம். இரண்டும் ஒருசேர இருக்கவோ, இருவரிடம் இருக்கவோ எழுதவே இடமில்லை. இரட்டைப் பெயர் அகராதிக்கு அதோடு விடிவு பிறந்தது.

பெயர்தான் பெரிய கேள்வியாயிற்று. நூல் யாரிடம் என்று திரையில் காட்டினால், திருப்பித் தரச் சொல்ல வசதியாக இருக்கும் என்று எங்களில் இருவர் கூறினர். அப்போது ஒருத்தி, “வாங்கினவளுக்கு அது எப்படி இருக்கும் தெரியுமா?” என்றாள். அவளுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் வாங்கிய அறிவியல் நூலின் முதல் பக்கத்தில் இருந்த வேறொருத்தியின் பெயர்மேல் காகிதம் ஒட்டி, ஆண்டு முழுதும் அதைக் கையால் மறைத்தபடியே வகுப்பில் உட்கார்ந்திருந்தாளாம். மூன்றாண்டுகளாக அவளோடு டிபன் டப்பாவைப் பகிர்ந்து உண்ட எங்களுக்கு அன்றுதான் அது தெரிந்தது. நால்வரில் அவள் யார் என்று இங்கும் எழுதப்போவதில்லை.

சார்பு என்பது தன்னிடம் கொடுத்ததை மட்டுமே அறியும். எட்டிப்போய் வேறெங்கும் எடுத்து வராது. ஆகவே பொதுப் பக்கத்தை வரையும் சார்புக்கு நூலின் பெயர், வகுப்பு, அலமாரியில் உண்டா இல்லையா என்ற மூன்றை மட்டும் கொடுத்தோம். அதில் பெயரைக் காட்ட யாராவது பின்னாளில் ஒரு வரி எழுதினாலும், இல்லாததைக் கேட்கிறீர்கள் என்று எல்ம் நிறுத்திவிடும். செயலிக்குள்ளும் பெயர் இல்லை, எண் மட்டுமே. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் சிஸ்டரின் மேசை இழுப்பறையில், பூட்டுக்குள். அந்த எண்ணையும் பொதுப் பக்கத்துக்குத் தரவில்லை. எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எங்கள் வகுப்புக்குப் பத்து நிமிட வேலை.

கணக்கைக் கணினியில் சேமிக்க மட்டும் எல்ம் வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டின் உதவியைக் கேட்க வேண்டும். அந்த வாசலுக்கு எல்மில் ‘போர்ட்’ என்றே பெயர். நம் துறைமுகத்தில் கண்ட இடத்தில் சரக்கை இறக்க விடுவார்களா? அப்படித்தான் இங்கும்.

சிஸ்டர் முதல் நாள் பார்த்துவிட்டு, “பெயர் எங்கேம்மா?” என்று கேட்டார். காரணத்தைச் சொன்னோம். ஒன்றும் சொல்லாமல் பழைய நோட்டையும் எடுத்து அதே இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

பொதுத்தேர்வு முடிந்ததும் நாங்கள் விடைபெறுகிறோம். எட்டாம் வகுப்புத் தங்கையர் இருவர் செயலியைப் பார்த்துக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். வந்தவுடனேயே, ‘தொலைந்தது’ என்று மூன்றாவது நிலையும் வேண்டும் என்றார்கள். சேர்க்கச் சொன்னோம். மாற்ற வேண்டிய இடங்கள் ஐந்து என்று எல்ம் வரிசையாகக் காட்டிற்று. நேற்று வரை நான்கை முடித்திருக்கிறார்கள்.