யந்திரத்துக்குப் புது யோசனை தோன்றுமா?

யந்திரம் எதையும் தானாகத் தோற்றுவிக்காது, நாம் இடும் கட்டளையைத்தான் நிறைவேற்றும் என்று 1843-ம் வருஷமே எழுதி வைத்துவிட்டார் ஒரு பெண்மணி. கவி பைரனின் மகள். மூன்று குழந்தைகளுக்குத் தாய். பெயர் அடா லவ்லேஸ்.

பேனா பிடித்துப் பிழைக்கும் எனக்கு அந்த வாக்கு பெரிய ஆறுதல். 2016 மார்ச்சில் அதற்கும் சோதனை வந்தது!

தென் கொரியாவின் ஸியோல் நகரம். கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் 'கோ' ஆட்டம். மகா நிபுணர் லீ ஸெடோலுக்கு எதிரே ஆல்ஃபாகோ என்ற கம்ப்யூட்டர். இரண்டாவது ஆட்டத்தில் அது 37-வது காயை வைத்ததும், "தவறிப் போய் வைத்துவிட்டதோ?" என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள். மனிதர் யாரும் அங்கே வைக்கப் பதினாயிரத்தில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்பது யந்திரத்தின் கணக்கு. கடைசியில் ஜெயித்தது அதுதான்!

அப்படியானால் அடா அம்மாள் சொன்னது பொய்யா? நானும் ஒரு பரீட்சை வைத்தேன். செயற்கை அறிவிடம், "இதுவரை யாருமே வைக்காத குழம்பு ஒன்று சொல்" என்றேன். பலாக்கொட்டையோடு காப்பித் தூளைச் சேர்க்கச் சொல்லிற்று. புதுமைதான், சந்தேகமில்லை! எங்கள் வீட்டுக்காரர் ஒரு கவளம் உண்டார். மறு பேச்சுப் பேசாமல் மோருக்கு நகர்ந்துவிட்டார்.

'கோ' பலகையில் வெற்றி தோல்விக்கு விதி உண்டு. யந்திரம் தன்னோடு தானே லட்சக்கணக்கில் ஆடித் தேறலாம். குழம்புக்கும் கதைக்கும் அப்படி விதி ஏது? ருசி பார்க்க ஒரு நாக்கு வேண்டுமே!

புதுமையை யார் வேண்டுமானாலும் படைக்கட்டும், சகோதரிகளே. நன்றாயிருக்கிறதா என்று சொல்லும் உரிமையை மட்டும் விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்!