சென்னை சர்வரும் தோட்டத்து மோட்டாரும்



நம்ம அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களில் பலர் இப்போது மோட்டார் போட கிணற்றடிக்குப் போவதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் சிம் கார்டு போட்ட கருவி இருக்கிறது. வீட்டிலிருந்து போன் அடித்தால் மோட்டார் ஓடும். கரண்ட் வந்துவிட்டதா என்பதையும் அதுவே சொல்லிவிடும். கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படி ஒன்று உண்டு என்று 2021 மே மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

கொரோனா இரண்டாம் அலை நேரம். என் மனைவி காய்ச்சலில் படுத்திருந்தார். சென்னையில் சர்வர் பராமரிக்கும் வேலையில் இருக்கும் மகன், வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டு அம்மாவைக் கவனித்துவந்தான். மணிக்கொரு தரம் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும். அப்படி ஓர் இரவில், அவன் அலுவலகத்தின் பழைய சர்வர் ஒன்று அசைவில்லாமல் நின்றுவிட்டது. சம்பளக் கணக்கு முழுவதும் அதில்தான். சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல்; ஊரடங்கு வேறு.

"போயே ஆகணுமாடா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ப்பா, அதுக்குன்னு தனி வழி இருக்கு" என்றான்.

சர்வருக்குள்ளேயே இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். பெரியது நின்றுபோனாலும், அணைத்தே வைத்திருந்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை இது விழித்திருக்கும். இதற்கென்று தனியாக ஒரு நெட்வொர்க் போர்ட். விசிறி சுற்றுகிறதா, சூடு எவ்வளவு என்று சொல்லும். திரையை அப்படியே காட்டும். பவர் பட்டனையும் அழுத்தும். ஹெச்.பி.யில் இதற்கு ஐ.எல்.ஓ என்று பெயர், டெல்லில் ஐடிராக். இன்டெல், ஹெச்.பி., டெல், என்.இ.சி. சேர்ந்து 1998-லேயே இதற்கு ஐ.பி.எம்.ஐ. என்ற பொது விதிமுறையை வெளியிட்டிருக்கிறார்கள்.

பழைய சர்வர் என்பதால் அதன் பக்கம் புது பிரவுசரில் திறக்கவில்லை. இதற்காகவே பழைய ஜாவாவோடு ஒரு லேப்டாப்பை வைத்திருந்தான். அரை மணி நேரத்தில் சர்வர் எழுந்துவிட்டது. நடுவில் ஒருமுறை எழுந்துபோய் அம்மாவுக்கு ஆக்சிஜன் அளவும் பார்த்துவிட்டு வந்தான். பத்து நாளில் அவரும் தேறிவிட்டார்.

அந்த வழி தனியாக இருப்பதுதான் முக்கியம். 2021 அக்டோபர் 4 இரவு, இதே பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் 6 மணி நேரம் முடங்கியது நினைவிருக்கும். வழக்கமான பாதையோடு, அவசரத்துக்கு வைத்திருந்த பாதையும் சேர்ந்தே அடைபட்டதால் பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று.

ஆனால் நமக்குத் திறக்கும் கதவு திருடனுக்கும் திறக்கும். இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் கைக்குப் போனால் சர்வரே கைக்குப் போன மாதிரி. ஐ.பி.எம்.ஐ.யின் பாதுகாப்புக் குறைகளை டான் ஃபார்மர் என்ற நிபுணர் 2013-ல் விரிவாக எழுதினார். ஐ.எல்.ஓ 4-ல் 2017-ல் தெரியவந்த ஓட்டை இன்னும் மோசம்: ஆங்கில 'ஏ' எழுத்தை 29 முறை அடுக்கி அனுப்பினால், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விட்டது! அதற்குத் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் பழைய மெஷின்களில் அதை யார் போடுகிறார்கள்?

மகன் அந்தப் போர்ட்டை இன்டர்நெட்டில் நேரடியாகத் திறந்து வைப்பதில்லை. முதலில் அலுவலகத்தின் விபிஎன். அதற்குப் பிறகே இது. கம்பெனி போட்டுத்தந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுவானாம்.

என்னிடம் படித்தவர்களில் பலர் இந்தத் துறையில் இருக்கிறீர்கள். உங்கள் பொறுப்பில் பத்து வருடப் பழைய சர்வர் இருந்தால், அந்தச் சின்னப் போர்ட் எதில் சொருகியிருக்கிறது, அதன் கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும் என்று நாளைக்கே ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டுக் கீழே கமெண்ட்டில் எழுதுங்கள். இந்த வாத்தியாருக்கும் இன்னும் கொஞ்சம் புரியும்.