கட்டிலோடு கடைக்குப் போகிறவர்கள்!

ஜெர்மனியில் ஹனோவர் நகரம். நான் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டு தம்பதியிடம் இருந்தது ஒரே வண்டி - ஃபோக்ஸ்வேகன் 'கலிஃபோர்னியா' கேம்பர்வேன். உள்ளே அடுப்பு, சிங்க், குட்டி ஃப்ரிட்ஜ், மடக்குக் கட்டில். கூரையைத் தூக்கினால் மாடியில் இன்னொரு படுக்கை! ஆபீஸ், ஆஸ்பத்திரி, காய்கறிக் கடை எல்லாம் இதில்தான்.

வேனுக்கு இது சொந்த ஊர் மாதிரி. ஃபோக்ஸ்வேகன் வேன்கள் 1956-லிருந்து இங்கே தயாராகின்றன. கூரை மடங்கியிருந்தால் உயரம் 1.99 மீட்டர். பல பார்க்கிங் வாசல்களில் '2 மீட்டர்' என்று போர்டு. ஒரு சென்டிமீட்டரில் தப்பிக்கிறார்கள். கூரைமேல் ஒரு பெட்டியைக் கட்டினால் போச்சு, தெருவில் இடம் தேட வேண்டியதுதான்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ஒரே வண்டி என்றால் ஒரே வரி, ஒரே இன்ஷூரன்ஸ். லாபம்தான். ஆனால், பால் வாங்கப் போனாலும் இரண்டு டன்னுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகணுமே, டீசல் என்னாகும்?

"சின்ன கார் ஒண்ணு வாங்கிட்டு, இதை லீவுக்கு வெச்சுக்கலாமே?" என்றேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "எங்கண்ணன் அப்படித்தான் வெச்சிருந்தார். ரிட்டயர் ஆனதும் ஊர் சுத்தணும்னு ஷெட்டுல மூடியே வெச்சிருந்தார். ரிட்டயர் ஆக ஒரு மாசம் இருக்கும்போது போயிட்டார். வேன் ஓடினது மொத்தம் ரெண்டு ட்ரிப்."

இவர்கள் வெள்ளிக்கிழமை ஆபீஸ் வாசலிலிருந்தே கிளம்பிவிடுகிறார்களாம்.

ஊர் திரும்பும் நாளில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவிட்டார்கள். ரயிலுக்கு அரைமணி இருந்தது. பின்னால் போய் அடுப்பைப் பற்றவைத்தார் அம்மா.

"சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"